பஸ்ஸுக்கு உயிர் இருக்கிறது என்கிறான் என் மகன்

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு தாய் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியாதிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொங்குப் பக்கம் ஒரு சிறு நகரம். கணவர் தனியார் பஸ்ஸில் டிரைவர். நாலரை வயது மகன், சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. படிக்கிறான். மாரியம்மன் நோம்பிக் கடையில் பச்சைச் சாயம் பூசிய கோழிக்குஞ்சு ஒன்றை அடம்பிடித்து வாங்கியிருக்கிறான். மூன்றாம் நாள் அதைப் பக்கெட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டி, துண்டால் துவட்டி, அட்டைப்பெட்டியில் படுக்க வைத்தான். மறுநாள் காலையில் குஞ்சு விறைத்துக் கிடந்தது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் "தூங்குது, எழுப்பாத" என்று அம்மா சொல்லிவிட்டார். அவன் போனதும் அப்பா அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். சாயங்காலம் வந்து கேட்டபோது, "சாமிகிட்டப் போயிருச்சு" என்றார் அப்பா. "நீ குளிப்பாட்டுனதுலதான் செத்துப்போச்சு" என்றார் அப்பாயி.

இரண்டு மாதமாக அவன் இரவில் தூங்க மறுக்கிறான். கண் சொக்கினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். எறும்பைக் கண்டால் கட்டைவிரலால் நசுக்குகிறான். இதற்கிடையில் பள்ளியில், உயிருள்ளவற்றுக்கு டிக் போடச் சொன்ன ஒர்க்‌ஷீட்டில் நாய், பஸ், சூரியன் மூன்றுக்கும் டிக் போட்டு, மரத்தை விட்டுவிட்டான். அடிப்படையே புரியவில்லை என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியதோடு, இன்னொரு வருடம் எல்.கே.ஜி.யிலேயே இருக்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறார். அந்தத் தாய் கேட்பது இவை: பையனுக்கு அறிவு வளர்ச்சி குறைவா? எறும்பைக் கொல்வது கொடூர குணமா? உயிரினங்களைப் பற்றிச் சொல்லித்தரும் போன் ஆப் ஒன்றுக்குப் பணம் கட்டலாமா? இன்னொரு குஞ்சு வாங்கித் தந்தால் சரியாகிவிடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். "நசுக்கிவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறான்" என்கிறீர்கள். வதைத்து ரசிக்கிற பிள்ளை துடிப்பதைப் பார்ப்பான், துடிப்பு நின்றதும் அடுத்ததைத் தேடுவான். உங்கள் மகன் துடிப்பு நின்ற பிறகு உட்கார்ந்திருக்கிறான். அது எந்திரிக்கிறதா என்று பார்க்கிறான்.

ஏன் பார்க்க மாட்டான்? குஞ்சு தூங்குகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். தூங்கியது எந்திரிக்க வேண்டும். குஞ்சு எந்திரிக்கவில்லை, காணாமலே போய்விட்டது. அப்படியானால் தூங்கினால் காணாமல் போகலாம். அவன் ஏன் படுக்க மறுக்கிறான் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தூக்கம், எறும்பு, ஒர்க்‌ஷீட் என்று நீங்கள் மூன்று புகார்களாக எழுதியிருப்பது என் கண்ணுக்கு ஒரே கேள்வியாகத் தெரிகிறது: உயிரோடு இருப்பது என்றால் என்ன? நாலரை வயதில் இதைவிடப் பெரிய கேள்வியை யாரும் கேட்க முடியாது. அவன் கேட்கிற விதம்தான் எறும்புகளுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதலில் கோழிக்குஞ்சு

செத்துப்போனது திரும்பி வராது, செத்த உடம்பில் எந்த வேலையும் நடக்காது, எல்லா உயிருக்கும் இது வரும். இந்த மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் நடுவில்தான் ஒவ்வொன்றாகப் பிடிபடுகின்றன. உங்கள் மகன் அந்த வாசற்படியில் நிற்கிறான். அவனுக்கு இப்போது தேவை நேரான சொல். இரவில் வேண்டாம், பகலில், மடியில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய இப்படிச் சொல்லுங்கள்:

"அன்னைக்குக் குஞ்சு தூங்குதுன்னு அம்மா சொன்னேன்ல, அது தப்பு. குஞ்சு செத்துப்போச்சு. செத்துப்போனா மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது, திரும்ப எந்திரிக்காது. தூங்குறது வேற. தூங்குறப்போ மூச்சு ஓடிக்கிட்டே இருக்கும்."

சொன்னதோடு விடாமல் காட்டுங்கள். மத்தியானம் அப்பா படுத்திருக்கும்போது அவர் வயிற்றின்மேல் பையனுடைய பொம்மை பஸ்ஸை வைக்கச் சொல்லுங்கள். மூச்சுக்கு மூச்சு பஸ் ஏறி இறங்கும். பிறகு அவன் படுக்கட்டும், அவன் வயிற்றில் வையுங்கள். தலையணைமேலும் வைத்துப் பார்க்கட்டும். அங்கே பஸ் அசையாது. தூக்கத்துக்குப் பயந்த பிள்ளைகளிடம் நான் முதலில் ஆடிப்பார்க்கும் ஆட்டம் இது. சில வீடுகளில் இரண்டு மூன்று வாரம் தினமும் ஆட வேண்டியிருந்திருக்கிறது. அலுக்காதீர்கள்.

சாமியிடம் போய்விட்டது என்பது உங்கள் நம்பிக்கை என்றால் அதை நான் பறிக்க வரவில்லை. ஆனால் உடம்புக்கு என்ன ஆனது என்று சொல்லிய பிறகு அதைச் சொல்லுங்கள். சாமியிடம் போனதை மட்டும் கேட்ட பிள்ளை அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது குஞ்சைத் தேடும். இல்லையென்றால் கோயிலுக்குள் வரவே பயப்படும்.

இனி மாமியார் சொன்னது. கோழிக்குஞ்சுக்கு முதல் வாரத்தில் கிட்டத்தட்ட 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தாய்க்கோழியின் வயிற்றடி அதைத் தரும், பண்ணையில் பல்பு தரும், அட்டைப்பெட்டி தராது. நனைந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முட்டைக்கோழி வளர்ப்பில் பயன்படாத சேவல் குஞ்சுகளைத்தான் பெரும்பாலும் இப்படிச் சாயம் போட்டு விற்கிறார்கள். கதகதப்பு இல்லாமல் அவை தாக்குப்பிடிப்பது கஷ்டம். நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு உறைத்தது, அவன் குளிப்பாட்டிய பிறகு துவட்டிப் படுக்க வைத்தான் என்பது. நீங்கள் அவனுக்குத் தினமும் செய்வதைத்தான் அவன் குஞ்சுக்குச் செய்திருக்கிறான். "குஞ்சுக்குக் குளிர் ஆகாதுன்னு உனக்குத் தெரியாது. நாங்க சொல்லித் தந்திருக்கணும்" என்று அப்பாயியே சொன்னால் நல்லது. மாமியாரிடம் குற்றம் சாட்டுவதுபோல் போகாதீர்கள். "பையன் ராத்திரி பயப்படுறான், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்" என்று கேட்டுப்பாருங்கள், மறுக்க மாட்டார்.

பஸ்ஸுக்கு டிக் போட்டது ஏன்?

ஒர்க்‌ஷீட்டை ஒரு நிமிடம் அவன் இடத்திலிருந்து பாருங்கள். அவன் அப்பா ஓட்டும் வண்டி டீசல் குடிக்கிறது, மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, சில நாள் அதற்கு உடம்பு சரியில்லாமல் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிடுகிறது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். வேப்பமரத்துக்கு இவ்வளவு மரியாதையை அவன் பார்த்திருப்பானா? சூரியன் காலையில் எந்திரிக்கிறது, நிலா கூடவே வருகிறது, போன் செத்துப்போகிறது. அவன் தடுக்கி விழுந்தால் அப்பாயி தரையை நாலு அடி அடித்து "எங்க தங்கத்த அடிச்சியா" என்று கேட்டிருப்பார். மாடு வருது, மழை வருது, பஸ் வருது என்று நம் பேச்சில் மூன்றுக்கும் ஒரே வினைதான். நாலு வருடமாக இப்படிப் பேசி வளர்த்துவிட்டு, ஒரு நாள் தாளை நீட்டி டிக் போடச் சொல்கிறோம்.

நகர்வது எல்லாம் உயிருள்ளது என்பது அவனாகக் கண்டுபிடித்த விதி. நாய், பஸ், சூரியன் நகர்கின்றன, மரம் நகரவில்லை. ஒரு பிசகு இல்லாமல் விதியைப் பொருத்தியிருக்கிறான். விதிதான் தவறு, யோசித்த முறை தவறில்லை. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1920களிலேயே பிள்ளைகளிடம் கேட்டுக்கேட்டு இதைப் பதிவு செய்திருக்கிறார்: முதலில் ஏதாவது வேலை செய்வதெல்லாம் உயிருள்ளது, பிறகு நகர்வதெல்லாம், பிறகு தானாக நகர்வது மட்டும், கடைசியில்தான் விலங்கும் செடியும். பியாஜே பிள்ளைகளைக் கொஞ்சம் குறைத்து எடைபோட்டார் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். 1988இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் அவர்கள் பார்த்திராத விலங்குகள், விலங்குச் சிலைகள், சக்கரம் வைத்த பொருள்கள் இவற்றின் படங்களைக் காட்டி, எது தானாக மேட்டில் ஏறும் என்று கேட்டார்கள். சிலைக்குக் கால் இருந்தாலும் ஏறாது என்று பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள்.

உங்கள் மகனிடமும் கேட்டுப்பாருங்கள்: "அப்பா ஏறலைன்னா பஸ் தானா போகுமா? நாய் போகுமா?" பதில் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவனுக்குத் தெரியாதது "உயிருள்ளவை" என்ற பாடப்புத்தகச் சொல். வீட்டில் அவன் காதில் விழும் "உயிர்" எல்லாம் "உயிரை வாங்காதடா" என்பதாகத்தான் இருக்கும்.

மரத்தை விட்டதற்கும் வருந்த வேண்டாம். செடிக்கு உயிர் உண்டு என்பதுதான் பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் கடைசியாக வரும் படி. புல்லும் மரமும் ஓரறிவு, எறும்புக்கு மூன்றறிவு என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்தியிருப்பது உங்களுக்கு நினைவு வரலாம். அழகான வரிசைதான், ஆனால் அதை இப்போது சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். மனப்பாடம் செய்து, வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் ஒப்பிப்பான்; மரத்தை அப்போதும் விட்டுவிடுவான்.

பொத்தான் நட்ட கதை

ஆப் வேண்டாம். இந்த வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. எனக்கு அதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆப்பில் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி வாடாது, வாடினாலும் ஒரு தட்டு தட்டினால் எந்திரித்துவிடும். உங்கள் மகனுக்கு இருக்கும் குழப்பமே அதுதான்.

ஜப்பானில் ஹதானோ, இனகாகி என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டில் தங்கமீன் வளர்த்த பிள்ளைகளையும் வளர்க்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். மீனைப் பற்றி வளர்த்தவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. ஆனால் தவளையைப் பற்றிக் கேட்டபோதும் அவர்கள் நன்றாகச் சொன்னார்கள்: குட்டித் தவளையைக் குட்டியாகவே வைத்திருக்க முடியாது, என் மீன் பெரிதானதுபோல் அதுவும் பெரிதாகும் என்கிற மாதிரி. ஒரே ஓர் உயிரை நாள்பட வைத்துப் பார்த்துக்கொண்ட பிள்ளை மற்ற உயிர்களையும் அதை வைத்து ஊகிக்கிறது.

அதற்காக மீன் தொட்டி வாங்கச் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி பச்சைப்பயறு போதும். இரவில் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் ஓரிரு நாளில் வெள்ளை முளை மூக்கை நீட்டும். பேப்பர் கப்பில் மண் போட்டு அதை நடுங்கள். கூடவே இன்னொரு கப்பில் அவனுக்குப் பிடித்த எதையாவது நடச் சொல்லுங்கள்: கூழாங்கல், கோலிக்குண்டு, அவன் விரும்பினால் அந்தப் பொம்மை பஸ்ஸே. முளைக்காது என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

நான் முன்பு நடத்திய மழலையர் வகுப்பில் ஒரு பெண் குழந்தை சட்டைப் பொத்தானை நட்டாள். பயறு நட்டவர்களோடு சேர்ந்து தினமும் தண்ணீர் விட்டாள். ஐந்தாம் நாள் மற்ற கப்புகளில் முளை வளைந்து தலைதூக்கி நிற்க, இவள் விரலை விட்டுத் தோண்டி எடுத்து, பாவாடையில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மிஸ், இது செத்துப்போச்சா?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பையன் சொன்னான்: "அது எப்பங்க உயிரோட இருந்துச்சு?" செத்தது வேறு, உயிரே இல்லாதது வேறு. நான் அரைமணி நேரம் படம் காட்டிப் புரியவைக்கப் பார்த்த விஷயம் அது.

எறும்பை நசுக்குவதற்கும் ஒரு மாற்று இருக்கிறது. "பாவம், நசுக்காதே" என்பதை அவன் கேட்டுக்கேட்டுப் புளித்திருக்கும். கையைப் பிடித்து நிறுத்தி, "இதுக்கும் வலிக்கலாம், அதனால நசுக்க விட மாட்டேன்" என்று ஒரே தடவை உறுதியாகச் சொல்லுங்கள். பிறகு வேலையைக் கொடுங்கள். அப்பாயியோடு வாசலில் இரண்டு சின்னக் கோலம்: ஒன்று அரிசி மாவில், இன்னொன்று கடையில் வாங்கும் கல்லு மாவில். எந்தக் கோலத்துக்கு எறும்பு வருகிறது என்று எண்ணுவது அவன் பொறுப்பு. சில நாள் ஒன்றுகூட வராது. அரிசி மாவில் துளி சர்க்கரை கலந்துவிடுங்கள், இது பொதுத்தேர்வு இல்லை. எறும்புக்குப் பசிக்கும், கோலிக்குண்டுக்குப் பசிக்காது என்று ஒரு நாள் அவனே சொல்லுவான். பசிக்கிறதா, வளர்கிறதா என்ற இந்தக் கேள்விகளை அப்புறம் பஸ்ஸிடமும் கேட்பான். டீசல் சாப்பாடுதானே என்று மடக்கினால் தோற்றுப்போகத் தயாராக இருங்கள். "சின்ன பஸ் டீசல் குடிச்சுப் பெரிய பஸ் ஆகுமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு விடுங்கள், மிச்சத்தை அவன் யோசிக்கட்டும்.

தொட்டாற்சிணுங்கியைக் காட்டலாமா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். காட்டலாம், முள் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் காட்டினால் அசைகிற செடிக்கு மட்டும்தான் உயிர் என்று அவனுடைய பழைய விதி இன்னும் கெட்டியாகிவிடும்.

டீச்சரிடம் பேசும்போது

ஒர்க்‌ஷீட்டை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்தக் கொள்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் இருக்கும் சண்டை வேறு; உங்களுடையது சிபிஎஸ்இ பள்ளி, அதற்கு இந்தக் கொள்கை பொருந்தும். 2022இல் வந்த அடிப்படை நிலைக் கலைத்திட்டமும் இந்த வயதுப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து அளக்காமல், கூட இருந்து கவனித்து மதிப்பிடச் சொல்கிறது. ஆனால் இவை வழிகாட்டுதல்கள். இதை மீறினார்கள் என்று நாளைக்கே ஒரு பள்ளியை நிறுத்திக் கேட்டுவிட முடியாது. எனவே "இந்த மூணுக்கும் ஏன் டிக் போட்டான்னு அவன்கிட்டயே கேட்டுப்பாருங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிப்பாருங்கள். காரணத்தைக் கேட்டால் பெரும்பாலான டீச்சர்கள் சிரித்துவிடுவார்கள். ஒரே ஒரு தாளை வைத்து எல்.கே.ஜி.யில் மறுபடி உட்கார வைக்கச் சம்மதிக்க வேண்டாம். மற்ற விஷயங்களிலும் பின்தங்குகிறான் என்றால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனை தேவையா? நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் தேவையில்லை. ஆனால் ஒரு கடிதத்தை வைத்து நான் குழந்தையைப் பார்த்ததாக ஆகாது. கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, முழு வாக்கியமாகப் பேசாதது, சமைப்பதுபோல் டாக்டர்போல் பாவனை விளையாட்டே இல்லாதது, முன்பு பேசிய சொற்கள் குறைந்துபோவது, இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காதீர்கள். எறும்பைத் தாண்டி நாய், பூனை என்று போய், அது கத்தும்போது ரசித்து, உங்கள் பேச்சுக்கும் நிற்காமல் தொடர்ந்தால் அதுவும் அப்படித்தான். தூக்கப் பயம் நீங்கள் பேசிய பிறகும் ஒன்றரை மாதத்துக்கு மேல் நீண்டால் காட்டுங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. பணம் கட்டி எங்கோ அலைவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

கடைசியாகக் குஞ்சு. இன்னொன்று வாங்காதீர்கள். அதுவும் நாலு நாளில் போனால் இவ்வளவும் மறுபடி முதலிலிருந்து. மொட்டை மாடியில் கறிவேப்பிலைச் செடி இருப்பதாகவும் புழு வந்து இலையெல்லாம் போகிறது என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் புழு அநேகமாகக் கறிவேப்பிலையில் முட்டையிடும் கருப்புநிறப் பட்டாம்பூச்சி ஒன்றின் பிள்ளையாக இருக்கும். சின்னதாக இருக்கையில் அச்சு அசலாகப் பறவை எச்சம்போலவே இருக்கும், பெரிதானதும் பச்சையாகிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாகக் கொம்புபோல் ஒன்றை நீட்டி நாற்றம் விடும், பையன் சொக்கிப்போவான். மேலெல்லாம் ரோமம் இருக்கும் கம்பளிப்பூச்சியை மட்டும் தொட விடாதீர்கள், அரிக்கும். செடியிலேயே விட்டுத் தினமும் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு நாள் தின்பதை நிறுத்திவிட்டு, நூல் கட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். செத்துப்போச்சா என்று கேட்பான். பதில் சொல்லாமல் ஒன்றிரண்டு வாரம் காத்திருங்கள்.

இன்று மாலையே மாமியாரிடம் சொல்லிவையுங்கள், செடிக்குப் பூச்சிமருந்து அடித்துவிடப் போகிறார்.